ஊர்ப் பெயரைச் சொல்லக் கூடாது

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். நடந்தது பட்டப்பகலில். அந்த ஞாயிற்றுக்கிழமை அரங்கில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

நான் ஹார்லன். டொலீடோ நகரத்துக் கூடைப்பந்து அணிக்குப் பதினாறு வருஷமாக மைக் அறிவிப்பாளன். முதல் ஐந்து வீரர்களைக் கூப்பிடும் முன் ஊர்ப் பெயரை இழுத்துச் சொல்வேன். "டொலீ...டோ!" கூட்டம் எழுந்து அதையே திருப்பிக் கத்தும். அணியைத் தெற்கே வேறு ஊருக்குக் கொண்டுபோக முடிவெடுத்த முதலாளி, கடைசி சீசனில் அந்தப் பெயருக்கே தடை போட்டார். புது ஊர்க்காரர்களுக்கு உறுத்துமாம்! நாற்பது ஆட்டம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடைசி ஆட்டத்தில் சொல்லியே தீருவது, வேலை போனால் போகட்டும் என்று துணிந்துவிட்டேன்.

காலை 11.40. காலி அரங்கில் மைக் சோதனை. "ஒன்று, இரண்டு" என்றேன். மூன்று விநாடி கழித்து எதிரொலி வந்தது... "மூன்று" என்று.

"யோவ் ஓடெல், விளையாடுறியா?"

ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொள்ளும் ஓடெல் மேலேயிருந்து கத்தினான். "நான் இன்னும் சுவிட்சே போடலய்யா!"

1.15. தொண்டைக்குள் யாரோ விரலை விட்டுத் துழாவுவது போல இருந்தது. தண்ணீர் குடித்தேன். போகவில்லை.

2.02. விளக்குகள் மங்கின. முதலாளியின் ஆள் ஃபென்விக் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

"பேரைச் சொன்னே, இன்னியோட உன் சோலி முடிஞ்சுது."

"போடா. பதினாறு வருஷமா சொன்ன வாய் இது."

மைக்கை எடுத்தேன். "டொ..."

ஃபென்விக் குனிந்து வயரைப் பிடுங்கிவிட்டான்.

நான் வாயை மூடிவிட்டேன். சத்தியமாக மூடிவிட்டேன்.

மேலே... க்ர்ர்ர்...

"...லீ...டோ!"

என் குரல்.

ஃபென்விக் என் உதட்டையே பார்த்தான். வயர் அவன் கையில்.

மறுபடியும் வந்தது. இன்னும் சத்தமாக.

கூட்டம் எழுந்து திருப்பிக் கத்தியது.

2.04. நின்றது.

அன்றிலிருந்து எனக்குப் பேச்சு வரவில்லை. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்கிறார் டாக்டர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அக்டோபரில் புது ஊரில் முதல் ஆட்டம். அணியோடு அங்கே வேலைக்குப் போயிருந்த ஓடெல் மறுநாள் போன் செய்தான்.

"யோவ் ஹார்லன், எல்லாம் புது ஸ்பீக்கர்யா. புது ஆளு மைக்கைப் பிடிச்சான். அவன் வாயைத் திறக்கறதுக்குள்ள நம்ம ஊர்ப் பேரு வருது... உன் குரல்ல! மெயினையே அணைச்சுப் பாத்துட்டேன், நிக்கல. என்னய்யா பண்ணி வச்சே?"

பதில் சொல்ல என்னிடம் குரல் எங்கே இருக்கிறது?

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருகிறதாம். குரல் திரும்பி வர வேண்டும் என்று என் மனைவி தினமும் ஜெபிக்கிறாள். நான் ஜெபிப்பதில்லை. அங்கேயே கிடந்து கத்தட்டும்.