யோப்பா நாரத்தை

ஊர் யூதர்களின் குரு ஸூண்டெல் ரப்பி பெட்டியைத் திறந்து, பழத்தை மோந்து பார்த்து, மூடி, நாலு எட்டு நடந்து, மறுபடி திறக்கிறார். பண்டிகைக்கு முந்தின வாரம் முழுக்க இதே கதை. எருசலேம் பக்கத்து யோப்பா துறைமுகத்தில் கப்பலேறி, இந்த நேமன் ஆற்றங்கரை ஊர் வரை வந்த நாரத்தம்பழம் அது. பெட்டியின் சணல்நார் தாடியில் ஒட்டியிருப்பது ஊருக்கே தெரியும், அவருக்குத் தெரியாது.

மனிதருக்குக் கோட்டு ஒன்றுதான், கடிகாரம் இரண்டு. ஒன்றில் ஊர் நேரம், மற்றதில் எருசலேம் நேரம். பிரசங்கத்தின் நடுவே நிறுத்தி, "அங்க சாயங்கால ஜெபம் முடிஞ்சாச்சு" என்று அறிவிப்பார், ஏதோ தானும் போய்விட்டு வந்தமாதிரி.

"மேசியா வந்து நம்மள எருசலேமுக்குக் கூட்டிட்டுப் போவார், அதுவரை சும்மா இருங்க" என்று ஊர்ப் பெரியவர்கள் அடக்குவார்கள்.

"வர்றவருக்கு வாசல் பெருக்கி வைக்க வேணாமா? நான் தொடப்பத்தை எடுத்துட்டேன்."

ஆறு வருடமாகச் சண்டை. கூடாரப் பண்டிகையில் கையில் ஏந்தும் நாரத்தை வழக்கம்போல கிரேக்கத் தீவிலிருந்து வருவதா, யோப்பா பக்கம் குடியேறிய நம்மவர்கள் நட்ட மரத்திலிருந்து வருவதா? மரவியாபாரி கெட்செல் தீவுப் பழத்தின் கட்சி. ஜெபக்கூடமே அவர் பின்னால், அவருடைய ஒரு பழத்தைத்தான் எல்லோரும் ஏந்துவார்கள். ரப்பியின் பழத்தை ஏந்தி ஆசி சொன்னவர்கள் மொத்தம் நாலு பேர். அதில் ஒருத்தி அவர் மனைவி ஹிண்டா. அவளிடமும் ஆசி முடிந்த கணமே "போதும், போதும்" என்று வெடுக்கென வாங்கிவிடுவார்.

"என்ன ரப்பி, பழத்துக்கு அம்மை போட்டிருக்கா?" என்பார் கெட்செல்.

"உங்க பழம் மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்கு. எங்க பழம் வேலைக்குப் போயிட்டு வந்திருக்கு."

இந்த வருடம், பண்டிகை முதல் நாள் காலை. கெட்செல் தன் பழத்தை ஊர் பார்க்கட்டும் என்று தலைக்கு மேல் தூக்கினார். விளக்குச் சங்கிலியில் இடித்து, பழத்தின் நுனியில் நீட்டிக்கொண்டிருந்த மூக்கு முறிந்து விழுந்தது. மூக்குப் போன பழம் முதல் நாளில் செல்லாது. ஊரில் மிச்சமிருந்தது ஒரே பழம், ரப்பியுடையது.

கெட்செல் ரப்பியின் பக்கம் வந்தார்.

"ரப்பி... கொஞ்ச நேரம் கடனா..."

"கடன் வாங்கின பழம் இன்னிக்கு ஆகாதுன்னு தெரியாதா?" ரப்பியின் குரல் உயர்ந்தது. ஆறு வருடத்துக்கும் சேர்த்து இன்று வசவு கிடைக்கப் போகிறது என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "சொந்தப் பழம்தான் ஆகும். இந்தாங்க, இது உங்களோடது. தானமாத் தந்தேன். ஆசி சொல்லிட்டு எனக்குத் திருப்பித் தானம் பண்ணிடுங்க."

கெட்செல் பழத்தை வழக்கப்படி பேரீச்சங்குருத்தோடு சேர்த்துப் பிடித்து எல்லாத் திசையும் அசைத்தார். அவர் பின்னால் வரிசை கதவைத் தாண்டி வாசற்படி வரை நீண்டுவிட்டது. ஆசி முடிந்தும் அவர் நகரவில்லை. கட்டைவிரலால் அந்த மேடுபள்ளங்களைத் தடவிக்கொண்டே நின்றார்.

"குடுங்கய்யா, நாங்களும் நிக்கறோம்ல!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ரப்பி, பழத்தை வாங்க நீண்ட தன் இரண்டு கைகளையும் இழுத்துக் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொண்டார்.