ஊடு என்றால் திறக்காத கதவு

ஒன்றாம் வகுப்பு டீச்சர் பட அட்டையை உயர்த்தியதுதான் தாமதம், வகுப்பே கத்தியது. ஒரு சிறுமி பெஞ்சின்மேல் ஏறிவிட்டாள். பூனை, ஏணி, தேங்காய், எல்லாவற்றுக்கும் முதல் குரல் அவளுடையது. பள்ளிக் கணினியைச் சரிபார்க்கப் போயிருந்த நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். படத்தின் பெயரைச் சொல்லும் இந்தக் குரலைக் கேட்டு டேப்லெட் திரையில் கதவு திறக்கிற மாதிரி ஒரு விளையாட்டு செய்தால் என்ன? மதியத்துக்குள் டீச்சரிடம் சொல்லியும் ஆயிற்று. “செஞ்சுபோடலாமுங்க அம்மணி” என்றார்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் டீச்சர் பீளமேட்டில் என் அறைக்கு வருவார். எந்தப் படம் முதலில் வர வேண்டும், குழந்தை யோசிக்க எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, அங்கேயே மாற்றுவேன். ஒரு சனிக்கிழமை, “எங்க புள்ளைக வீட்ட ஊடுன்னுதான் சொல்லுமுங்க. அதுக்கும் கதவு தொறக்கோணும். வீடுங்கறத நான் அப்பறம் சொல்லிக் குடுத்துக்கறேன்” என்றார்.

“இந்த டேப்புக்குக் கோயமுத்தூர் பேச்சு தெரியாதுங்களே டீச்சர்.”

“நம்மூர்ல பொழைக்க வந்துருக்குதல்ல அம்மணி? கத்துக்கட்டும்.”

சிரித்தோம். மற்ற பள்ளி ஆசிரியர்களுக்கு விளையாட்டைக் காட்டும் நாள் நெருங்கியிருந்தது. காட்டி முடித்ததும் மாற்றுகிறேன் என்றேன். எனக்கு அவசரம்.

காட்டும் நாளன்று, பெஞ்சில் ஏறிக் கத்திய அந்தச் சிறுமியைத்தான் முன்னால் நிறுத்தினோம். வீட்டின் படம் வந்தது. “ஊடு” என்றாள். சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. டேப்புக்குக் காது கேட்கவில்லை போலும் என்று நினைத்து இன்னும் உரக்கச் சொன்னாள். மறுபடி சிவப்பு. மூன்றாவது முறை பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். டேப்பை மெதுவாக பெஞ்சில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

இரண்டு வாரம் கழித்து நானே டீச்சருக்கு போன் செய்தேன். “அந்தப் புள்ள, பேரு கூப்புட்டாக்கூட கையத்தான் தூக்குது. வாயத் தொறக்கறதில்லீங்க மேடம்.” திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன். அந்த ‘மேடம்’ என்னை எங்கேயோ தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. சனிக்கிழமைகளில் அவர் வருவதும் நின்றது.

இப்போது ஊடு என்றாலும் கதவு திறக்கிறது. சொல்லிப் பார்ப்பவளும் நான்தான், திறந்ததைப் பார்ப்பவளும் நான்தான்.

இன்னொரு முறை விளையாட்டைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டிருந்தேன்; திங்கட்கிழமை பள்ளிக்கு டீச்சர் வரச் சொல்லியிருக்கிறார். விளையாட்டைத் தலைகீழாக்கியிருக்கிறேன். இனி டேப்தான் பெயர் சொல்லும், தப்பும் தவறுமாக. சரியா தப்பா என்று குழந்தைகள் திரையைத் தொட்டுக் குறி போடுவார்கள், சிவப்புப் பெருக்கல் உட்பட. அந்தச் சிறுமி வாய் திறக்க வேண்டியதில்லை, ஒரு விரல் போதும். முதல் படமாக வீட்டையே வைத்திருக்கிறேன். டேப் அதைப் பூனை என்று சொல்லும்.