மஞ்சளும் மருந்தும்

எழுபதுகளில், சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையோரம் ஒரு வெடிமருந்து ஆலை இருந்தது. பள்ளத்தாக்கில் கிணறு வெட்டுகிறவர்களுக்குப் பாறை பிளக்கும் தோட்டா அங்கிருந்துதான் போகும். உள்ளே மருந்தின் மஞ்சள் தூள் பூந்தாது மாதிரி மிதக்கும். வாசலில் மேகம் இறங்கி நிற்கும். சுற்றுவட்டாரத்திலேயே அமைதியான இடம் அதுதான். வெடி செய்கிற இடத்தில் சத்தம் ஆகாது.

பெண்கள் கைகழுவும் தொட்டிக்குப் பொறுப்பாளி சுகிர்தம். அவர்கள் கழற்றிப் போடும் வேலைச் சேலைகளை உதறி மடிப்பதும் அவள்தான். மருந்தைத் தொட்டதேயில்லை. இருந்தும் மத்தியானமானால் தலை லேசாகி, கால் தரையில் பாவாது. தூரத்துத் தென்னைகள் நீருக்கடியில் அசைவது போலிருக்கும். ஆராதனையில் கிடைக்காத சமாதானம் ஆலையில் கிடைக்கிறதே என்று கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொள்வாள்.

தோட்டாவில் மருந்து திணிக்கும் இருளம்மாளுக்கு ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை. மருந்து தோல்வழி போய் ஈரலைக் கெடுக்கும் என்று சொல்லி, ஆலை டாக்டர் ஒரு சோப்பு கொடுத்திருந்தார். கையில் மருந்து மிச்சமிருந்தால் நுரை சிவக்கும். வெளுக்கும்வரை கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். டாக்டர் மறந்தது, மஞ்சள் பூசிய கையிலும் நுரை சிவக்கும் என்பதை. ஆரத்தி கரைத்த பெண்களுக்கு அது புதிதா? சிரித்தபடி கையைத் துடைத்துக்கொண்டு சோற்றுக்குப் போனார்கள்.

"கொஞ்ச நாளைக்கு மஞ்ச பூசாம வாங்கத்தா. அப்பத்தான் எது மருந்து, எது மஞ்சன்னு தெரியும்" என்றாள் சுகிர்தம்.

"ஆகட்டும்க்கா" என்றாள் கூட மருந்து திணிக்கும் மலையம்மாள். "இன்னைக்கு மஞ்ச, நாளைக்குப் பொட்டு, நாளான்னைக்கு ஞானஸ்நானம். பாஸ்டரு எப்ப வாராக?"

இருளம்மாள் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரு நல்லா இருக்காருக்கா. வெறும் மூஞ்சியோட போனா எங்கத்தை வீட்டுக்குள்ள விடமாட்டாக."

சுகிர்தத்துக்குக் கோபம் வந்தது. அதுவும் மிதந்துகொண்டேதான் வந்தது. தொட்டியருகே போனாள்.

"இங்கன பாருங்க. மஞ்ச பூசுன கையில்ல இது. இன்னைக்குக் குழம்புகூட வைக்கல. மருந்துப் பக்கமே போறதில்ல. நுரை எப்புடி வெள்ளையா வருதுன்னு பாருங்க."

தேய்த்தாள். நுரை செக்கச்செவேலென்று எழும்பியது.

சுகிர்தம் சேலைக் குவியலைத் திரும்பிப் பார்த்தாள். உதறும்போதெல்லாம் எழும் மஞ்சள் புகை நினைவுக்கு வந்தது. கர்த்தருக்குச் சொன்ன நன்றியைத் திரும்ப வாங்க வழியுண்டா என்று ஒரு கணம் யோசித்தாள்.

"சேலைய உதறுன கையே இப்புடின்னா," என்றாள் இருளம்மாள் மெல்ல, "எங்கையில எம்புட்டு இருக்கும்க்கா?"

மறுநாள் அவள் மாமியாரின் வசவோடும் மஞ்சளில்லாத முகத்தோடும் வந்தாள். கழுவக் கழுவச் சிவந்தது. வெளுத்து முடியும்போது சாப்பாட்டு மணி ஓய்ந்து வெகுநேரமாகியிருந்தது. சுகிர்தம் டாக்டரை நச்சரித்து, அவளை மருந்து புழங்காத, காகிதக் குழாய் சுற்றும் கொட்டகைக்கு மாற்ற வைத்தாள். சேலைகளை உதறுவதை விட்டு, தண்ணீரில் முக்க ஆரம்பித்தாள். தலை தெளிந்தது. கூடவே அந்தச் சமாதானமும் போய்விட்டதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மழை பிடித்த ஒரு மத்தியானம், தன் சோற்றை முடித்துவிட்ட இருளம்மாள், சுகிர்தத்தின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"என்னக்கா, வெறும் ரசமா? ஒரு கருவாடு கிருவாடு கொண்டாரக் கூடாதா?"