பூட்டிய கோப்பும் அவருடைய முதல் நிகழ்ச்சியும்

எங்கள் தமிழ் வானொலி இணையத்தில் ஒலிக்கிறது. நிலையம் என்பது, நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருக்கும் கிரான்பர்னில் உள்ள எங்கள் வீட்டு கராஜ்தான். ஒலிபரப்பை நடத்தும் சேர்வர் கணினியைப் பார்ப்பது நான். நிர்வாகக் குழு அங்கிள்மார் எல்லோரிடமும் பாஸ்வேர்ட் இருந்தது, அதுதான் வினை. ஒருவர் சத்தத்தைக் கூட்டுவார், இன்னொருவர் குறைப்பார், வேறொருவர் நிலையத்தின் பெயரோடு பொங்கல் வாழ்த்தைச் சேர்ப்பார். சித்திரை வந்தாலும் அந்த வாழ்த்து அப்படியே கிடக்கும். கேட்டால் ஒருவரும் கை வைக்கவில்லையாம். ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. சத்தம், பெயர் எல்லாம் குறித்து வைக்கும் அமைப்புக் கோப்பை நானே எழுதி, வாசிக்கலாம், மாற்ற முடியாது என்று பூட்டினேன். மென்பொருளை நிறுத்தித் தொடக்கும் வேலையைக் காலைக்கு விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் என் கணவருக்கு முதல் நிகழ்ச்சி. அவர் ஒரு கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார். தற்காலிக விசாவில் இருந்த வருடங்களில், வாய் திறந்தால் வம்பு என்று பேசாமலே பழகிவிட்டார். வீட்டிலும் ஓம், இல்லை, பிறகு பார்ப்பம், அவ்வளவுதான். அவரை மைக்குக்கு முன்னால் இருத்த நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அவர் கதிரையில் இருந்து தொண்டையைச் செருமினார். நான் கண்டெய்னரை, அதாவது சேர்வருக்குள் வானொலி மென்பொருள் ஓடும் தனி அறையை, தொடக்கினேன். எழும்பியது, விழுந்தது. மறுபடி எழும்பியது, மறுபடி விழுந்தது. திரையில் பிழைப் பதிவில் ஒரே புலம்பல்: கோப்பில் எழுத முடியவில்லை. கண்டெய்னர் எழும்பும்போது ஓடும் தொடக்க ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல், முதல் வேலையாக அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்டை எழுதப் பார்க்கும். நான்தான் பூட்டிவிட்டேனே. எழுத முடியாவிட்டால் அது அந்த இடத்திலேயே நின்றுவிடும். அங்கிள்மாருக்குப் போட்ட பூட்டில் நானே மாட்டிக்கொண்டேன்.

"விடுமப்பா, அடுத்த கிழமை பார்ப்பம்," என்றார் அவர். முகத்தில் அப்படி ஒரு ஆறுதல்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு எழும்பினால் இந்த மனுசன் இனி ஒருநாளும் இதில் வந்து இருக்கமாட்டார்.

"இருங்கோ. அசையக்கூடாது," என்றேன்.

பூட்டைக் கழற்றினால் உடனே ஓடும். ஆனால் பின்னேரமே பொங்கல் வாழ்த்துத் திரும்பி வந்துவிடும். அதனால் என் கோப்பைப் பூட்டியபடியே வேறொரு கோப்புறைக்கு நகர்த்தினேன். கண்டெய்னர் எழும்பும்போது முதலில் அதற்குப் பூட்டில்லாத பிரதி எடுத்து, ஸ்கிரிப்ட் தேடும் இடத்தில் வைக்கும்படி ஒரு வரி சேர்த்தேன். பிரதியில் யார் வேண்டுமானாலும் கிறுக்கட்டும். அடுத்த முறை தொடக்கும்போது என்னுடையதே புதிதாக வந்து நிற்கும். தொடக்கினேன். எழும்பியது, நின்றது.

"இப்ப கதையுங்கோ."

"வணக்கம்," என்றார். பிறகு மைக்கையே பார்த்தார். நான் கும்பிடாத சாமியில்லை. மெதுவாகத் தன் கிடங்கைப் பற்றித் தொடங்கினார். விடியக் காலையில் ஃபோர்க்லிப்டில் தனியாக இருந்து, யாரிடம் என்ன சொல்லலாம் என்று தனக்குள்ளேயே ஒத்திகை பார்த்ததைச் சொன்னார். எனக்கே தெரியாத கதைகள்.

கொடுத்த நேரம் முடிந்தது. முடிக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவர் பார்க்கவேயில்லை, பேசிக்கொண்டே இருந்தார். கையை இறக்கிவிட்டு, அடுத்து வரவேண்டிய பாட்டு நிகழ்ச்சியை நான் இரத்துச் செய்தேன்.