இன்னும் ஆறாத டிரம்

பேய்க்கு இருட்டு வேண்டும் என்பார்கள். எனக்கு நடந்தது சுட்டெரிக்கும் வெயிலில், பிற்பகல் 2.52க்கு. கதை கட்டத் தெரியாதவள் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் வயிறு எரிந்தே செத்துப்போவேன்.

எண்ணெய் ஆலையின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. கச்சா எண்ணெயில் பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்தபின் தார் மாதிரி ஒரு கசடு மிஞ்சும். அதை ஐந்நூறு டிகிரிக்குச் சூடேற்றி, எட்டு மாடி உயர டிரம்முக்குள் விடுவார்கள். ஆவியாகக்கூடியது மேலே போய்விடும். மற்றது உள்ளேயே இறுகிக் கரியாகும். அதுதான் கோக். பிறகு தண்ணீர் விட்டு ஆற்றி, அதை வடித்து, அடிமூடியைத் திறக்க வேண்டும்.

ஆற்றுவதில்தான் உயிர் இருக்கிறது. தண்ணீர் போன வழியில் மட்டும் கோக் ஆறும். நடுவில் எங்காவது நெருப்பாய்க் கிடக்கும். வெளிச்சுவர் காட்டும் டிகிரியை நம்ப முடியாது. அதனால் ஆட்கள் ஸ்பேனரின் ஒரு முனையை டிரம்மில் வைத்து, மறுமுனையில் காது வைத்துக் கேட்பார்கள். உள்ளே கொதித்தால் தெரிந்துவிடும். டிரம்முக்குக் காய்ச்சலா, ஊசி போடவா என்று மேனேஜர் கிண்டலடிப்பார். ஆறு மணி நேரம் ஆற்றியதை நாலரையாகக் குறைத்தவர் அவர்தான்.

மூன்று வாரத்துக்கு முன் அடிமூடி திறந்து, கொதிநீர் கொட்டி, ஓர் ஆபரேட்டர் இறந்தார். எங்கள் எல்லோருக்கும் அவர் மாமா. தவறுதலாக அவரே திறந்துவிட்டார் என்று அறிக்கை வந்தது. விசாரணையில் என்னையும் கேட்டார்கள். அன்று டிரம் ஆறவில்லை என்று நான் சோதித்த வடிநீரிலிருந்தே எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆத்திரம் மேனேஜர்மேல் பாதி, என்மேல் பாதி.

எனக்கு இது நடந்த அன்று வடிநீர் மாதிரி எடுக்க டிரம்முக்கு அடியில் நின்றேன். பக்கத்தில் புது ஆபரேட்டர். கண்ணாடி என்று கூப்பிடுவோம். வடிகுழாயைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஸ்பேனரை வைத்துக் கேட்டார். முகம் மாறியது.

"இன்னும் ஆறலைங்க. நீங்களே கேளுங்க."

கேட்டேன். கொதிக்கிற சத்தம். அதன் நடுவே... டக். டக். டக். ஆறும்போது கோக் வெடிக்கும்தான். ஆனால் இப்படித் தாளம் தப்பாமல் வெடிக்காது.

2.52. சைரன் அலறியது. மூடி திறக்கப் பத்து விநாடிக்கு முன் ஒலிப்பது அது. கண்ட்ரோல் ரூமிலிருந்து யாரோ திறக்கிறார்கள். நாங்கள் அடியில் நிற்கும்போதே.

விநாடிகளை எண்ணினேன். ஆறு... ஏழு...

டிங். மேல்தளக் கேபினில் மணி. சைரன் நின்றது. ரத்து செய்யும் பொத்தான் அங்கேதான் இருக்கிறது; அமுக்கினால் மணி அடிக்கும்.

"மேல யாரு இருக்கா?"

"நான்தான் இருக்கணும்," என்றார் கண்ணாடி.

ஓடினோம்.

2.53. மறுபடி சைரன். எட்டு... டிங்.

படியில் பாதி ஏறியிருந்தோம். 2.55. சைரன்... டிங்.

கேபினில் யாரும் இல்லை.

பொத்தான் உள்ளே அமுங்கியிருந்தது.

மெல்ல... வெளியே வந்தது.

கண்ட்ரோல் ரூமில் இருந்த மேனேஜரிடம் போனேன். பொத்தானின் வயர் ஷார்ட் ஆகியிருக்கும் என்றார். நாங்கள் கீழே இருந்தது தெரியாதாம். கேட்கவும் தோன்றவில்லையாம். இந்த முறை முகத்துக்கு நேரே சொன்னேன்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் தண்ணி ஓடணும். இல்லைன்னா நீங்களே கீழ போய் நில்லுங்க சார்."

தண்ணீர் ஓடியது. மாலை 6.20க்குத் திறந்தபோதும் நடுவிலிருந்து ஆவி பறந்தது.

மறுநாள் கணினிப் பதிவைப் பிரதி எடுத்தேன். யார் எதை இயக்கினாலும் அவர் எண்ணோடு அதில் விழும். மூன்று முறையும் திறக்கச் சொன்னது எண் 2. மேனேஜர். மூன்று முறையும் ரத்து செய்தது எண் 17. மாமாவின் எண்.

மாமா இறந்த நாளின் பக்கத்தையும் எடுத்தேன். அறிக்கையில் சேர்க்காமல் விட்ட பக்கம். எண் 2 திறக்கச் சொல்கிறது, 17 ரத்து. மறுபடி எண் 2, மறுபடி ரத்து. மூடியைக் கையால் பூட்டும் கம்பி அவர் உடலருகே கிடந்தது. அது ஏன் என்று அன்று யாரும் கேட்கவில்லை. பூட்டத்தான் கீழே இறங்கியிருக்கிறார். மூன்றாவது முறை எண் 2 திறக்கச் சொன்னபோது ரத்து செய்ய மேலே ஆள் இல்லை.

இரண்டு தாள்களையும் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். 2.55 என்ற கடைசி வரியில் விரல் நின்றது.

"இந்தப் பதினேழு இன்னும் டூட்டியை முடிக்கலையேம்மா..."