தாழ்ந்த இடதுகை

மாமல்லபுரம் கடற்கரை மேடையில் என்னோடு குத்துச்சண்டைக்கு நின்றவர் கல்பாக்கத்துக்காரர். ஒடிசலான ஆள், நசுங்கிய மூக்கு. ஒவ்வொரு குத்துக்கும் பிறகு இடதுகையைத் தாழவிடுவார். களைத்துவிட்டார் என்று நம்பி அந்தப் பக்கம் பாய்ந்தேன். அதற்காகவே காத்திருந்த வலதுகை என் தாடையில் இறங்கியது.

கண்விழித்தபோது அவர் முகம்தான் என்மேல் குனிந்திருந்தது. கையுறையைக்கூடக் கழற்றவில்லை. உதடு நடுங்கியது.

“அண்ணாத்த, உன் பேரு இன்னா? சொல்லு!”

சொன்னேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

“ஜெயிச்சவன் நீ. உனக்கு இன்னாத்துக்குப் பயம்?” என்றேன்.

“முன்ன ஒரு தபா ஒருத்தன இப்டித்தான் கேட்டுகினே இருந்தேன். அவன் சொல்லவேயில்ல.”

அவர் கேட்காமலே என் பேரை இன்னொரு முறை சொன்னேன்.