இரண்டாவது அடி

பிள்ளைகளா, வாட்ஸப்பில் நீங்கள் ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிச் சிரிக்கிற அந்த ஸ்டிக்கரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கன்னத்தில் அறை விழுந்து, வாய் ஒரு பக்கம் கோணி, கண் இரண்டும் எங்கேயோ போன ஒரு மனிதரின் முகம். கீழே 'இன்னைக்கு இம்புட்டுப் போதும்' என்று யாரோ எழுதிவிட்டிருக்கிறார்கள். போன வாரம் தம்பி அதை அக்காவுக்கு அனுப்ப, அக்கா அம்மாவுக்குக் காட்ட, மூன்று பேரும் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு சிரித்தீர்கள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனேன். "அப்பாவுக்கு என்ன கோவம்?" என்று பின்னால் கேட்டது. கோபமெல்லாம் இல்லை. அலுப்பு. நீங்கள் நினைக்கிற மாதிரி அது சினிமாவில் எடுத்த படம் இல்லை. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஊர்த் திருவிழா மேடையில் எவரோ செல்போனில் எடுத்தது. முகத்துக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பெட்டி தெரிகிறதே, அது நம்முடைய ஸ்பீக்கர். அதற்கு இரண்டடி தள்ளி நான் நின்றேன். பத்தாவதோடு நின்றவன் நான், எழுத்து முன்னப்பின்னத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அந்த முகத்துக்காரரை நாங்கள் நடிகர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சினிமாவில் அவருக்கு வேலையே அடி வாங்குவது. ஹீரோ அடிப்பார், வில்லன் அடிப்பார், ஹீரோயினுடைய அம்மாகூட ஒரு படத்தில் கரண்டியால் அடித்தார். "கதையெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்காது மாப்ள, யாரு அடிச்சாங்கங்கிறதுதான் ஞாபகம் இருக்கும்" என்பார். இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே ஓட்டிவிட்டு, ஒரு நாள் சென்னையை விட்டுப் புறப்பட்டுப் பசுமலையில் ஒரு மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். கையில் ஒரு பெட்டியும் ஒரு ஆர்மோனியமும். இனிமேல் நடிக்கப்போவதில்லை, பாட்டுப் போடப்போகிறேன் என்றார். டீக்கடையில் எல்லாரும் அதையும் ஒரு காமெடி என்று எடுத்துக்கொண்டார்கள். "எண்ணே, பாட்டுப் பாடினா அடிப்பாய்ங்கண்ணே." "பழகுன கன்னம்தானப்பா, அடிச்சிட்டுப் போகட்டும்." அவரும் சேர்ந்துதான் சிரிப்பார்.

அவர் சினிமாவுக்குப் போனதே பாடத்தானாம். மீசை முளைக்கிற வயதில் பஸ் ஏறி, ஒரு ஸ்டூடியோ வாசலில் பாடிக் காட்டியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த ஆள், குரலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "தம்பிக்குக் கன்னம் நல்லா இருக்கு" என்று உள்ளே கூட்டிப்போய் ஒரு சீனில் நிறுத்திவிட்டார். பாட்டு அப்படியே நின்றுவிட்டது. இதை அவர் என்னிடம் சொன்னபோது ஸ்பீக்கர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தோம். வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் தூங்கிப்போய் இறங்கவேண்டிய ஊரைத் தாண்டிவிட்டவர் பேசுகிற மாதிரி சொன்னார்.

அவர் பெரிய பாடகர் இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. இருபது வருஷமாய் மைக் செட் போடுகிறவன், எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன். அவருடைய குரல் கொஞ்சம் கரகரப்பு, மூச்சும் நீளாது. ஆனால் சுருதியை விட்டு நகரமாட்டார். பசுமலை வீட்டுக்குப் பக்கத்தில் ரயில் போகும். கூட்ஸ் வண்டி வந்தால் ஆர்மோனியத்தில் விரலை வைத்தபடியே காத்திருப்பார். கடைசிப் பெட்டி தாண்டியதும் விட்ட இடத்தில், விட்ட சுருதியில் தொடங்குவார். ஒரு மயிரிழை விலகாது. அந்த வீட்டில் அவர் ஒரு வருஷத்துக்கு மேல் செய்துகொண்டிருந்தது ஒரே ஒரு பாட்டு. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்துக்கொண்டு, வராத ஒருத்திக்காகக் காத்திருக்கிற ஒரு ஆளின் பாட்டு. 'துண்டு போட்டு வச்சிருக்கேன், நீ வந்து உக்காரு' என்று தொடங்கும். 'உக்காரு' என்ற இடத்தில் மெட்டு திடீரென்று மேலே ஏறும். உட்காரச் சொல்கிறபோது குரல் எழுந்து நிற்கும். அந்த ஓர் இடத்துக்காகத்தான் அத்தனை மாதம். அது வந்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுப் பாடிக் காட்டினார். "எப்படிடா இருக்கு? நீ ஒருத்தன் மட்டும் எங்கிட்டப் பொய் சொல்லாத" என்றார். நல்லாயிருக்குண்ணே என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

பாட்டை மேடையில் பாட வேண்டுமே. ஒரு இன்னிசைக் குழுவைச் சேர்த்துக்கொண்டார். நம்முடைய செட். ஊர்க் கமிட்டிக்காரர்கள் அவரைக் கூப்பிட்டதோ பாட்டுக்காக இல்லை, முகத்துக்காக. ஃப்ளெக்ஸில் 'திரைப்பட நகைச்சுவை நடிகர் நேரில்' என்று போட்டு, அடி வாங்குகிற படத்தை ஆள் உயரத்துக்கு அடித்துவைப்பார்கள். மேடை ஏறியதும் "அடி! அடி!" என்று கூட்டம் கத்தும். கத்தல் அடங்காமல் பாட முடியாது. அதனால் அண்ணன் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். முதலில் ஒரே ஒரு அடி, பிறகு பாட்டு. ஊர்ப் பெரியவர் ஒருவர் மேடைக்கு வந்து அவர் கன்னத்தை நோக்கிக் கையை வீசுவார். கை வருகிற வேகத்தில் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இடுப்புக்குக் கீழே தன் கைகளையே படீரென்று தட்டுவார். அந்த இடத்தில் நான் ஒரு சின்ன மைக்கை மறைத்து வைத்திருப்பேன். சத்தம் ஊரையே தூக்கும். விரல்கூடப் பட்டிருக்காது. இதற்கு அந்தப் பெரியவரைச் சாயங்காலமே கூப்பிட்டு நாலு தரம் பழக்கிவிடுவார். ஆனாலும் அதற்குப் பிறகு பாட்டு முழுசாக நடந்ததே இல்லை. ஒரு சரணம் முடிவதற்குள் சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு வந்துவிடும்.

முதலில் சொன்னேனே, அந்த அலங்காநல்லூர்ப் பக்கத்து ஊரில்தான் கமிட்டித் தலைவர் வாக்குக் கொடுத்தார். "அண்ணே, உங்க பாட்டு முழுசாப் பாடுங்க. எவனும் சீட்டுக் குடுக்க மாட்டான். நான் பொறுப்பு." அண்ணன் அன்றைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வேனில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிப் பாட்டை முனகிக்கொண்டே வந்தார்.

பொழுது சாய மேடையில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். கீழே சத்தம் கேட்டது. என்ன சண்டை என்கிறீர்கள்? நடிகரை அடிப்பது யார் என்று சண்டை! மேலத்தெருவில் ஒரு பெரியவரைப் பழக்கிவைத்திருந்தோம். கீழத்தெருக்காரர்களுக்கு அது தெரிந்துபோயிற்று. கோயிலில் முதல் மாலை யாருக்கு, முதல் விபூதி யாருக்கு என்று வழக்கு நடக்கும் ஊர் அது. அடியும் அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது.

"அவுக அடிச்சா நாங்க என்ன வேடிக்கை பாக்கவா வரி குடுத்தோம்?"

"ஏப்பா, இது மாலை மரியாதையா? ஒரு அடிப்பா!"

"அடின்னாலும் முத அடி முத அடிதான!"

கமிட்டித் தலைவர் வேர்த்து ஊற்ற மேடைக்குப் பின்னால் வந்தார். ஆளுக்கு ஒரு கன்னம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் மைக்கைப் பிடுங்குவார்கள், கச்சேரியே இல்லை. "ரெண்டாவது ஆளு பழகலையே" என்றேன் நான். கூப்பிட்டுப் பார்த்தோம். மேலத்தெரு ஆள் பழகின இடத்துக்கு நான் வருவதா என்று கீழத்தெருப் பெரியவர் வர மறுத்துவிட்டார். அண்ணன் என் தோளில் கை வைத்தார். "விடு மாப்ள. ஒரு பாட்டு முழுசாப் பாடணும். அதுக்கு ஒரு கன்னம் கூடப் போனாப் போகட்டும்."

முதல் அடி பிசகில்லாமல் நடந்தது. வலது கன்னம். கை காற்றில் போயிற்று, அண்ணன் தட்டினார், கூட்டம் ஓவென்றது. அவர் நிமிர்ந்து, இந்தப் பக்கம் திரும்பி, கையைச் சேர்த்துக்கொள்வதற்குள் கீழத்தெருப் பையன்கள் கத்தினார்கள். "மாமா, நம்ம அடி இதைவிடச் சத்தமாக் கேக்கணும்!" அந்தப் பெரியவரிடம் வஞ்சகம் ஒன்றும் இல்லை, பிள்ளைகளா. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. தெருவுக்கு உண்டானதைச் செய்ய வந்தவர். மண்வெட்டி பிடித்த கையை முழுசாக ஓங்கி வைத்தார். கன்னத்தில் மட்டும் இல்லை, காதோடு சேர்த்து விழுந்தது. என்னுடைய மைக் தேவைப்படவில்லை. அந்த நேரத்தில் எவனோ எடுத்த வீடியோவிலிருந்து வந்ததுதான் உங்கள் ஸ்டிக்கர்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பெரியவர் மட்டும் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "தம்பி, பட்டுருச்சா?" என்று கேட்டார். "இல்லைங்கய்யா, தொழில்தான" என்றார் அண்ணன். பெரியவர் மரியாதைக்குப் போர்த்திய துண்டை வாங்கிக்கொண்டு கும்பிட்டார். பிறகு மைக்குக்கு வந்து, குழுவில் கீபோர்டு வாசிக்கிற தம்பியைப் பார்த்துத் தலையசைத்தார்.

முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சுருதி ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். கீபோர்டு தம்பி என்னைப் பார்த்தான். அவன் கெட்டிக்காரன், பாடுகிறவர் நிற்கிற இடத்துக்குச் சுருதியைக் கொண்டுபோய்விடலாம் என்று பட்டனை அழுத்தி மாற்றினான். அதற்குள் அண்ணன் வேறு இடத்துக்கு நகர்ந்திருந்தார். அவர் முன்னால் இருந்த ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தேன். பயனில்லை. அவரோ கண்ணை மூடிக்கொண்டு, முகம் முழுக்கச் சந்தோஷத்தோடு பாடிக்கொண்டிருந்தார். 'உக்காரு' என்று மேலே ஏறினார். ஏறிய இடத்தில் படியே இல்லை. எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. இதில் கொடுமை, சனம் ஒருவர்கூட எழுந்திரிக்கவில்லை. மேலத்தெருவும் கீழத்தெருவும் பாய் விரித்து எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தன. முதலில் எழுந்தால் தோற்றதாகிவிடும் என்று இரண்டு பக்கமும் அசையாமல் உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் கேட்டார்கள். சீட்டு வரவில்லை. முடிந்ததும் போட்டி போட்டுக் கைதட்டினார்கள். அவர் அத்தனை வருஷம் கேட்டது அன்றைக்குக் கிடைத்துவிட்டது.

மற்றவர்கள் சினிமாப் பாட்டைத் தொடங்கியதும் அவர் மேடைக்குப் பின்னால் வந்து என்னைத் தேடினார். முகம் சிவந்து வீங்கியிருந்தது. இடது காதில் வண்டு ரீங்காரம் மாதிரி ஏதோ கேட்கிறது என்றார். அப்புறம், பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி கேட்டார்.

"மாப்ள, சுருதி சேந்துச்சா?"

சேர்ந்தது என்று சொல்லியிருக்கலாம். ஊர் முழுக்கக் கைதட்டியிருக்கிறதே. ஆனால் நீ ஒருத்தன் மட்டும் பொய் சொல்லாதே என்றவர் அவர். "சேரலண்ணே" என்றேன்.

இடது காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "அப்படியா? எனக்குச் சேந்த மாதிரியேதான்டா இருந்துச்சு."

பிள்ளைகளா, ஒருவர் பாடியது நன்றாக இல்லை என்றால் இன்னும் பாடிப் பழகலாம். தான் விலகியது தனக்கே தெரியவில்லை என்றால் என்ன செய்ய? அது அவருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியில் உட்கார்ந்து, அந்தப் பெரியவர் போர்த்திய துண்டை மடியில் வைத்து மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

மறுநாள் டவுனில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். சவ்வு கிழிந்திருக்கிறது, மூடிக்கொள்ளும், ஆனால் அந்தப் பக்கம் பழையபடி கேட்குமென்று சொல்ல முடியாது என்றார். சவ்வு மூடத்தான் செய்தது. அண்ணன் ஆர்மோனியத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, 'ச' ஒன்றை மட்டும் பாடுவார். பாடிவிட்டு என்னைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன், சில நாள் மேலும் கீழும், பல நாள் பக்கவாட்டில். கூட்ஸ் வண்டி போனாலும் முன்போல நிறுத்துவதில்லை. அவருக்குப் பாதிதான் கேட்டது. வழக்குப் போடலாம் என்று டீக்கடையில் சிலர் குதித்தார்கள். "யாரு மேல போட? அவரு மரியாதை செஞ்சாருப்பா" என்று சொல்லிவிட்டார்.

சென்னையிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. அந்தச் செல்போன் வீடியோ ஊரெல்லாம் சுற்றியதில் அவருக்கு மறுபடியும் கிராக்கி. ஆர்மோனியத்தைக் கீபோர்டு தம்பியிடம் கொடுத்தார். காலை ரயிலுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். "வருத்தப்படாத மாப்ள. அங்க காது வேணாம், கன்னம் போதும்" என்று சிரித்தார். சிரிப்பு எனக்கு வரவில்லை. இப்போதும் ஏதாவது ஒரு படத்தில் அடி வாங்கிக்கொண்டிருக்கிறார். போன் செய்தால் வலது காதுக்கு மாற்றிக்கொண்டு பேசுகிறார். பாட்டைப் பற்றி அவரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. ஸ்டிக்கரை அழித்துவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் அழித்தால் மட்டும் நின்றுவிடுமா? தெரிந்துகொண்டு சிரியுங்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து நேராக நம்முடைய மைக் செட் கடைக்குப் போனேன். அன்று வேலை எதுவும் இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். இடது காதை உள்ளங்கையால் நன்றாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு, 'துண்டு போட்டு வச்சிருக்கேன்' என்று வாய்விட்டுப் பாடினேன். என் கல்யாணத்தில்கூட நான் பாடினவன் இல்லை. மேலே ஏறுகிற இடம் வந்தது. ஏறினேன். எனக்குச் சேர்ந்த மாதிரியேதான் இருந்தது. கையை எடுக்காமல் இன்னொரு தரம் பாடினேன்.